ஒரே ஊழியரின் அடுத்தடுத்த பஞ்ச்களுக்கு இடையே உள்ள நேரத்தை குவெரியில் ஒப்பிடுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பயோமெட்ரிக் மெஷினில் ஊழியர்கள் விரல் வைக்கும் ஒவ்வொரு பதிவும், அதாவது பஞ்ச், மைஎஸ்க்யூஎல் 8 என்ற டேட்டாபேஸில் ஒரே டேபிளில் விழுகிறது. ஐடி, ஊழியர் எண், பஞ்ச் நேரம், இன்னா அவுட்டா என்ற குறி, அவ்வளவுதான் ஃபீல்டுகள். விரல் சரியாகப் பதிந்ததா என்ற சந்தேகத்தில் ஆட்கள் இரண்டு மூன்று தடவை வைத்துவிடுகிறார்கள், அதனால் ஒரே ஆளின் இரண்டு பஞ்ச்களுக்கு நடுவே 5 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் பின்னால் வந்ததை டூப்ளிகேட் என்று ஒதுக்க வேண்டும். அதற்காக டேபிளை அதனோடேயே ஜாயின் செய்து, அதாவது ரோக்களை (டேபிளின் வரிகளை) ஒன்றோடொன்று ஜோடி சேர்த்து, கழித்துப் பார்த்தீர்கள். ஒரே ரெக்கார்டு பல தடவை வருகிறது, ஒரு மாத டேட்டாவுக்கே குவெரி நகர மாட்டேன் என்கிறது. கேள்விக்குள் ‘இரண்டு ரோவின் நேரத்தை எப்படிக் கழிப்பது’ என்று கேட்டிருக்கிறீர்கள். கழிப்பது இதில் சின்ன வேலை. எந்த ரோவுக்கு எந்த ரோ ‘முந்தையது’ என்று உங்கள் குவெரி எங்கேயும் சொல்லவில்லை, தொந்தரவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

செல்ஃப் ஜாயின் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஊழியர் எண் சமம், இரண்டாவது நேரம் முதல் நேரத்தைவிடப் பெரியது என்று மட்டும் சொன்னால், ஒருவரின் ஒவ்வொரு பஞ்சும் அவருடைய பின்னால் வரும் அத்தனை பஞ்ச்களோடும் ஜோடி சேரும். ஒருவருக்கு மாதத்தில் 120 பஞ்ச் என்றால் 7,140 ஜோடி. உங்களுக்குத் தேவை அதில் 119. மீதியெல்லாம் 3-ஆம் தேதி காலைப் பஞ்சை 27-ஆம் தேதி மாலைப் பஞ்சோடு ஒப்பிடும் வெட்டி வேலை. ரெக்கார்டு இரட்டிப்பதற்கும் குவெரி மெதுவாக ஓடுவதற்கும் முக்கியக் காரணம் இதுதான்.

இதற்கென்றே இருப்பது லேக் என்ற வின்டோ ஃபங்ஷன். ஒரு வரிசையில் தனக்கு முன்னால் நிற்கும் ரோவின் மதிப்பை எடுத்துக் கொடுக்கும். பின்னால் நிற்பதை எடுக்க லீட். கீவேர்டுகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்: லேக்(பஞ்ச்_நேரம்) ஓவர் (பார்ட்டிஷன் பை ஊழியர்_எண் ஆர்டர் பை பஞ்ச்_நேரம், ஐடி) ஆஸ் முந்தைய_நேரம். பார்ட்டிஷன் பை இருப்பதால் ஒருவரின் பஞ்ச் இன்னொருவரோடு கலக்காது. ஆர்டர் பையில் கடைசியாக ஐடியையும் சேர்த்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. மைஎஸ்க்யூஎல்லில் டேட்டைம் ஃபீல்டு, நீங்களாகக் கேட்காவிட்டால், நொடிக்குக் கீழே எதையும் வைத்துக்கொள்ளாது. ஒரே நொடியில் இரண்டு பஞ்ச் விழுந்தால் இரண்டும் ஒரே நேரமாகத்தான் நிற்கும், அப்போது எது முன் எது பின் என்பது ஒவ்வொரு தடவையும் அப்படியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஐடி இருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

இந்த முந்தைய_நேரத்தை அதே செலெக்ட்டில், எந்த ரோ வேண்டும் என்று சொல்லும் வேர் கண்டிஷனில் நேரடியாகப் போட முடியாது. வேர் முதலில் நடந்து முடிகிறது, வின்டோ ஃபங்ஷன் அதற்கு அப்புறம் மிஞ்சிய ரோக்களின் மேல் ஓடுகிறது. ஆகவே லேக் உள்ள செலெக்ட்டை வித் போட்டு ஒரு சிடிஇ-யாக (குவெரிக்குள் பெயர் வைத்த தற்காலிக விடையாக) வைத்துக்கொண்டு, வெளியே இருந்து வடிகட்ட வேண்டும். இந்த வரிசைமுறைக்கு இன்னொரு விளைவும் உண்டு, நிறையப் பேர் கவனிப்பதில்லை. உள்ளே வேரில் ‘ஜூன் 1 முதல் 30 வரை’ என்று போட்டுவிட்டால், மே 31 இரவு 11:58-க்கு வைத்த பஞ்ச் லேக்கின் கண்ணுக்கே தெரியாது. ஜூன் 1 அதிகாலை 12:01 பஞ்ச் அந்த ஆளின் முதல் பஞ்ச் மாதிரி நிற்கும். உள்ளே ஒரு நாள் கூடுதலாக எடுத்து, வெளியே தேதியை வெட்டிவிடுங்கள். பார்ட்டிஷனில் தேதியைச் சேர்த்தாலும் இதே கதிதான், நைட் ஷிஃப்ட் இருக்கும் இடத்தில் தினமும் நள்ளிரவில் ஒரு ஓட்டை விழும்.

இப்போது கழித்தலுக்கு வருகிறேன். மைஎஸ்க்யூஎல்லில் இரண்டு டேட்டைம் ஃபீல்டுக்கு நடுவே வெறும் கழித்தல் குறி போடாதீர்கள். எரர் வராது, அதுதான் ஆபத்து. நேரத்தை ஒரு நீள எண்ணாக்கிக் கழித்துவிடும். 10:00:00-இலிருந்து 9:59:00-ஐக் கழித்தால் 100000-இலிருந்து 95900 போய் 4100 வரும். உண்மையில் அது ஒரே நிமிடம். 9:59-இலிருந்து 9:58 போனால் 100 வரும். ஒரே நிமிடத்துக்குள் இருக்கும் இரண்டு பஞ்சுக்கு மட்டும் விடை சரியான நொடிக் கணக்காக இருக்கும், அதனால் கையில் நாலு ரெக்கார்டை வைத்துச் சோதித்தவருக்கு எல்லாம் சரியாக ஓடுவது போலவே தெரியும். டேட்டிஃப் என்ற பெயரைப் பார்த்து அதையும் எடுத்துவிடாதீர்கள், மைஎஸ்க்யூஎல்லில் அது நாள் கணக்கு மட்டும்தான் சொல்லும். டைம்டிஃப் நேரமாகத் தரும், ஆனால் அந்த டைப்பின் உச்சவரம்பு 838 மணி 59 நிமிடம் 59 நொடி; நீண்ட விடுப்பு முடிந்து வந்தவரின் இடைவெளி அந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். டைம்ஸ்டாம்ப்டிஃப் தான் சரியான ஆள். அலகை செகண்ட் என்று கொடுத்து 300-க்குக் கீழா என்று பாருங்கள். மினிட் என்று கொடுத்தால் முழு நிமிடங்களை மட்டும் சொல்லி மீதி நொடிகளை விட்டுவிடும், அதனால் ‘5-க்குக் கீழ்’ என்றால் சரியாக வரும், ‘5 அல்லது அதற்குக் கீழ்’ என்று எழுதினால் 5 நிமிடம் 59 நொடி வரை உள்ளே வந்துவிடும்.

எனக்குப் பிடித்த வழி கழிக்காமலே கூட்டிப் பார்ப்பது: பஞ்ச்_நேரம் < முந்தைய_நேரம் + இன்டர்வல் 5 மினிட். படிக்கும்போதே விதி புரிகிறது, அலகுக் குழப்பமும் கிடையாது. செல்ஃப் ஜாயினைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாலும் நிபந்தனையை இப்படி எழுதினால் ஊழியர் எண், பஞ்ச் நேரம் இரண்டையும் சேர்த்துப் போட்ட இண்டெக்ஸ் (ரோக்களைச் சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) பயன்படும். ஃபீல்டை ஒரு ஃபங்ஷனுக்குள் அடைத்துவிட்டால் நேரத்துக்கான இண்டெக்ஸ் சும்மா கிடக்கும்.

எஸ்க்யூஎல் சர்வர் என்ற வேறொரு டேட்டாபேஸுக்கு மாறப்போவதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் டேட்டிஃப் உண்டு, நடத்தை வேறு. கடந்துபோன நேரத்தை அது அளப்பதில்லை, எத்தனை எல்லைக்கோட்டைத் தாண்டியது என்று எண்ணுகிறது. 9:00:59-க்கும் 9:01:00-க்கும் மினிட் கணக்கில் கேட்டால் 1 என்று சொல்லும், நடுவில் ஒரே நொடிதான். 9:00:59-க்கும் 9:05:00-க்கும் 5 என்று சொல்லும், உண்மையில் 4 நிமிடம் 1 நொடி. உங்கள் விதிப்படி டூப்ளிகேட்டாக வேண்டியது தப்பித்துவிடும். அங்கே டேட்ஆட் வைத்துக் கூட்டி ஒப்பிடுங்கள். லேக் அங்கே 2012 பதிப்பிலிருந்து இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் கழித்தால் இன்டர்வல் வரும், அதை நேரே 5 நிமிட இன்டர்வலோடு ஒப்பிடலாம்; நொடியாக வேண்டுமென்றால் எக்ஸ்ட்ராக்ட்டில் எபோக் (மொத்த நொடிகள்) கேளுங்கள், மினிட் கேட்டால் 1 மணி 5 நிமிட இடைவெளிக்கு 5 என்று மட்டும் சொல்லும். ஆரக்கிளில் டேட் இரண்டைக் கழித்தால் நாள் கணக்கில் பின்னம் வரும், 1440-ஆல் பெருக்கினால் நிமிடம்.

அடுத்தது ‘நல்’, அதாவது மதிப்பே இல்லாத காலி இடம். ஒவ்வொரு ஊழியரின் முதல் பஞ்சுக்கும் முன்னால் எதுவும் இல்லை, லேக் அங்கே நல் கொடுக்கும். டூப்ளிகேட்டை மட்டும் பட்டியல் எடுக்கும்போது இது உறுத்தாது. ஆனால் நீங்கள் கேட்பது மிஞ்சுகிற நல்ல பஞ்ச்களை. அதற்காகக் கண்டிஷனைத் திருப்பி ‘இடைவெளி 300 அல்லது அதற்கு மேல்’ என்று எழுதினால், நல் எதோடு ஒப்பிட்டாலும் உண்மை என்று வராது என்பதால், எல்லோருடைய முதல் பஞ்சும் சத்தமில்லாமல் காணாமல் போகும். முன்னால் நாட் போட்டாலும் அதேதான். ‘ஆர் முந்தைய_நேரம் இஸ் நல்’ என்பதைச் சேர்த்துவிடுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளே ஆப்சென்ட் விழுந்திருக்கிறது என்று யாராவது வந்து நின்றால், நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

இன், அவுட் குறியை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஒருவர் 9:00-க்கு இன் வைக்கிறார், வண்டியில் மறந்துவிட்ட செல்ஃபோனை எடுக்க 9:02-க்கு அவுட், 9:04-க்கு மறுபடி இன். குறியைக் கண்டுகொள்ளாமல் உங்கள் விதியை ஓட்டினால் பின்னிரண்டும் போய் 9:00 இன் நிற்கும், பாதகமில்லை. சரி, இன்னும் ஒழுங்காகச் செய்வோம் என்று பார்ட்டிஷனில் குறியையும் சேர்த்தால்தான் வினை: 9:04 இன் நேராக 9:00 இன்னோடு ஒப்பிடப்பட்டு ஒதுக்கப்படும், 9:02 அவுட் மட்டும் பிழைத்துக்கொள்ளும், அந்த மனிதர் இரண்டு நிமிடம் வேலை பார்த்துவிட்டு வெளியே போனவராகவே மாலை வரை இருப்பார். பார்ட்டிஷனை ஊழியர் எண்ணோடு நிறுத்திக்கொண்டு, குறிக்கும் தனியாக ஒரு லேக் எடுங்கள். முந்தைய குறியும் இதே குறியாக இருந்து, இடைவெளியும் 5 நிமிடத்துக்குள் இருந்தால் மட்டும் டூப்ளிகேட். வெளியே போகும்போது இரண்டு தடவை வைத்தால் முதல் அவுட்டை எடுப்பதா கடைசி அவுட்டை எடுப்பதா என்பது உங்கள் சம்பளப் பிரிவு சொல்ல வேண்டியது. கடைசி என்றால் லேக்குக்குப் பதில் லீட் வைத்து முன்னால் நிற்பதை ஒதுக்குங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இனி வருவது உங்கள் விதியையே பொறுத்தது. ஒரே ஆள் 9:00, 9:04, 9:08 என்று மூன்று தடவை வைத்திருக்கிறார். எத்தனை மிஞ்ச வேண்டும்? லேக் முறையில் 9:04 தன் முந்தையதிலிருந்து 4 நிமிடம், ஒதுக்கு. 9:08-உம் தன் முந்தையதிலிருந்து 4 நிமிடம், ஒதுக்கு. ஒன்றே ஒன்று மிஞ்சும். ஆனால் ‘கடைசியாக ஏற்றுக்கொண்ட பஞ்சிலிருந்து 5 நிமிடம்’ என்பது விதியானால் 9:08-ஐ 9:00-ஓடுதான் ஒப்பிட வேண்டும், 8 நிமிடம் ஆகிவிட்டதால் அது நிற்கும், இரண்டு மிஞ்சும். ‘முந்தைய பஞ்ச்’ என்று எல்லோரும் ஒரே வாயால் சொல்கிறார்கள், மனதில் வைத்திருப்பது இதில் எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நீங்கள் எழுதியதை வைத்து முதல் விதி என்றே எடுத்துக்கொண்டேன், உறுதியாகச் சொல்ல முடியாது. விரலை மறுபடி மறுபடி வைப்பதுதான் பிரச்சினை என்றால் முதல் விதி போதும்.

இரண்டாவது விதி என்றால் லேக் உதவாது. எந்த ரோ பிழைத்தது என்பது முந்தைய முடிவைப் பொறுத்தது, அந்த முடிவு அதற்கும் முந்தையதைப் பொறுத்தது, லேக்குக்கு அதெல்லாம் தெரியாது. மைஎஸ்க்யூஎல் 8-இல் ரிகர்சிவ் சிடிஇ, அதாவது தன் முந்தைய விடையை வைத்தே மறுபடி ஓடும் சிடிஇ, எழுதலாம்: ஊழியர்வாரியாக ரோநம்பர் போட்டுக்கொண்டு, ஒன்றாம் எண்ணில் ஆரம்பித்து, ஏற்றுக்கொண்ட நேரத்தைக் கையில் பிடித்தபடி ஒவ்வொன்றாக அடுத்த எண்ணுக்குப் போவது. புது நேரம் கையிலிருப்பதைவிட 5 நிமிடம் தள்ளியிருந்தால் கையிலிருப்பதை மாற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் பழையதையே தூக்கிக்கொண்டு போகும். ஏற்றதா ஒதுக்கியதா என்பதைத் தனி ஃபீல்டாகவே எடுத்துச் செல்லுங்கள். ‘கையிலிருக்கும் நேரமும் பஞ்ச் நேரமும் சமமானால் ஏற்றது’ என்று பின்னால் கண்டுபிடிக்கப் பார்த்தால், ஒரே நொடியில் விழுந்த இரட்டைப் பஞ்ச் இரண்டுமே ஏற்றதாகிவிடும். இந்தச் சுற்றுக்கு மைஎஸ்க்யூஎல் இயல்பாக 1000 தடவைதான் அனுமதிக்கும். மாதம் 120 பஞ்சுக்கு அது தாராளம், ஆனால் ஒரு வருட டேட்டாவை மொத்தமாகக் கொடுத்தால் 1,440 ஆகி எரரில் நின்றுவிடும், சிடிஇ மேக்ஸ் ரிகர்ஷன் டெப்த் என்ற அமைப்பை ஏற்ற வேண்டி வரும். ரோநம்பர் போட்டதை டெம்பரரி டேபிளில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஒரே குவெரியில் டெம்பரரி டேபிளை இரண்டு இடத்தில் குறிப்பிட மைஎஸ்க்யூஎல் விடாது, இங்கே இரண்டு இடத்தில் குறிப்பிட்டாக வேண்டும், எனவே சாதாரண டேபிளாகவே உருவாக்கி வேலை முடிந்ததும் தூக்கிவிடுங்கள். வெளிப்படையாகச் சொன்னால், இந்த இரண்டாவது விதிக்கு நான் எஸ்க்யூஎல்லோடு மல்லுக்கட்ட மாட்டேன். ஊழியர் எண், நேரம் என்று வரிசைப்படுத்தி எடுத்துப் பைத்தானிலோ பிஹெச்பியிலோ ஒரு லூப் ஓட்டினால் பத்து வரியில் முடிந்துவிடும், ஆறு மாதம் கழித்து அதைத் திறந்து பார்ப்பவருக்கும் புரியும்.

உங்கள் கிளை ஆபீஸில் இன்னும் மைஎஸ்க்யூஎல் 5.7 ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதில் வின்டோ ஃபங்ஷனும் கிடையாது, வித்தும் கிடையாது. நெட்டில் தேடினால் அட் (@) குறியோடு வேரியபிள் வைத்து முந்தைய மதிப்பைப் பிடித்துவைக்கும் தந்திரம் நிறையக் கிடைக்கும். ஒரே செலெக்ட்டுக்குள் அந்த வேரியபிள்கள் எந்த வரிசையில் கணக்கிடப்படும் என்பதற்கு உறுதி கிடையாது என்று மைஎஸ்க்யூஎல் ஆவணமே சொல்கிறது, 8.0.13-இலிருந்து அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லியும் விட்டார்கள். அதற்கு, செலெக்ட்டுக்குள் ஒரு சப்குவெரி வைத்து ‘இதே ஊழியரின், இந்த நேரத்துக்கு முந்திய நேரங்களில் மேக்ஸ்’ என்று எடுப்பது மேல். மேலே சொன்ன இண்டெக்ஸ் இருந்தால் வேகமும் பரவாயில்லை. ஒரே நொடி இரட்டைகளை மட்டும் அது பார்க்காது, ‘நேரம் சமம், ஐடி சிறியது’ என்பதையும் நிபந்தனையில் சேருங்கள்.

குவெரி எவ்வளவு சரியாக இருந்தாலும் அது சரிசெய்ய முடியாத ஒன்று மெஷினின் கடிகாரம். இரண்டு கேட்டில் இரண்டு மெஷின், ஒன்று 3 நிமிடம் முந்தி ஓடுகிறது என்றால், முன் கேட்டில் நுழைந்து பின் கேட்டில் வைத்தவரின் பஞ்ச்கள் வரிசை மாறி உட்காரும், எந்த லேக்கும் அதைக் கண்டுபிடிக்காது. நெட்வொர்க் போய்த் திரும்பி வரும்போது மெஷின் சேர்த்துவைத்ததை மொத்தமாக அனுப்பும், ஆகவே ஐடி வரிசை நேர வரிசை ஆகாது, டேபிளில் ஏறிய நேரமும் பஞ்ச் நேரம் ஆகாது. வெறும் ஐடியை வைத்து ஆர்டர் செய்திருந்தால் அதை மாற்றுங்கள்.

நேர மண்டலமும் அப்படித்தான். இந்தியாவுக்குள் மட்டும் என்றால் கவலை இல்லை. அமெரிக்கக் கிளையின் பஞ்ச் உள்ளூர் நேரத்தில் வந்து விழுந்தால், 2024 நவம்பர் 3 அதிகாலை மாதிரி கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் இரவில் 1:50-க்கு அப்புறம் 20 நிமிடம் கழித்து வைத்த பஞ்ச் 1:10 என்று பதிவாகும். இலங்கையில்கூட 2006 ஏப்ரலில் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னுக்கு வைத்தார்கள், அந்தக் காலத்து டேட்டாவைத் தொடுகிறவர்களுக்கு இதே சிக்கல் உண்டு. உலகப் பொது நேரமான யூடிசியில் சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்கினால் இடைவெளிக் கணக்கு கெடாது.

கடைசியாக, டூப்ளிகேட் என்று தெரிந்ததை டெலிட் செய்துவிடாதீர்கள். ஒரு ஃபீல்டு சேர்த்துக் குறி போட்டு வையுங்கள். 5 நிமிடம் என்பதை நாளை 3 என்றோ 10 என்றோ மாற்றச் சொன்னால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். 9:00, 9:04, 9:08-க்கு எத்தனை மிஞ்ச வேண்டும் என்று உங்கள் ஹெச்ஆரிடம் கேட்டு எழுதுங்கள், மெஷின் எத்தனை, நைட் ஷிஃப்ட் உண்டா என்பதையும் சேர்த்து. இதற்கு அப்புறமும் மெதுவாக ஓடினால், குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்ட அவுட்புட்டையும் ஒட்டுங்கள், ஏன் என்று பார்த்துச் சொல்கிறேன்.